அல்சாஸ் திராட்சைத் தோட்டத்திலிருந்து அண்ணனுக்கு

கோல்மார் அருகே, பிரான்ஸ்
நவம்பர் மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். மாட்டுக்கொம்பு உரம் விற்க ஆள் வந்து போனதாகவும், நம் பன்னீர் திராட்சைக்கு அது சரிப்படுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அறுவடை முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர் எப்படி என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். மேற்கே வோஜ் மலை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. மேகமெல்லாம் அதில் முட்டி அந்தப் பக்கமே கொட்டிவிடுவதால் கோல்மார் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான். கம்பம் பள்ளத்தாக்கும் மலைக்குக் கிழக்கே மழைமறைவில் இருப்பதுதானே. ஆனால் நமக்கு முல்லைப் பெரியாறு தண்ணீர் வருகிறது. இங்கே காய்க்கிற கொடிக்குப் பாசனம் செய்யும் வழக்கமே இல்லை, வேர்தான் ஆழமாகப் போய்த் தேடிக்கொள்ள வேண்டும். நாம் வருஷத்துக்கு இரண்டு மூன்று வெட்டு பார்க்கிறோம். இவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஏப்ரலில் துளிர்த்து, ஜூனில் பூத்து, செப்டம்பர், அக்டோபரில் அறுத்துவிட்டால் அடுத்த காசு மறுவருஷம்தான்.

பந்தல் கிடையாது. வரிசையாகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஹெக்டேருக்கு 4,500 கொடிக்குக் குறையாமல் நெருக்கி நடுகிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை உறைபனியில் கவாத்து. கொடிக்கு இரண்டு கிளை விட்டு, கிளைக்கு எட்டுப் பத்து மொட்டு வைத்து, வில்லாக வளைத்துக் கட்ட வேண்டும். ரீஸ்லிங், கெவூர்ஸ்த்ரமினர், பினோ கிரி என்ற ஒயின் திராட்சை ரகங்கள்தான் அதிகம். மஸ்கட்டும் உண்டு. நம் பன்னீரும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான் என்பதால் பழுக்கும்போது வாசம் ஊரை நினைவூட்டுகிறது.

நான் வேலை செய்யும் தோட்டம் ஏழு ஹெக்டேர், முழுக்க பயோடைனமிக் முறை, அதாவது கொம்பு உரம், மூலிகைத் தயாரிப்புகளோடு செய்யும் ஒருவகை இயற்கை விவசாயம். 1924-ல் ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் கோபர்விட்ஸ் என்ற ஊரில் உழவர்களுக்கு ஆற்றிய எட்டுச் சொற்பொழிவுகளில் தொடங்கியது இது. கோபர்விட்ஸ் இப்போது போலந்தில் இருக்கிறது. அல்சாஸில் 1969-லேயே இந்த முறைக்கு மாறிய குடும்பம் உண்டு.

நீங்கள் கேட்ட கொம்பு உரத்தை இங்கே 500 என்று எண்ணால்தான் சொல்வார்கள். கன்று ஈன்ற பசுவின் கொம்பு வேண்டும், காளைக் கொம்பு ஆகாது. கறவை மாட்டுச் சாணத்தைக் கெட்டியாக அடைத்து, செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி வெட்டிப் புதைக்கிறோம். வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிவிடும். ஏப்ரலில் எடுத்தால் சாண வாடையே இல்லாமல், கறுப்பாக, ஈரமான காட்டு மண் மணத்தோடு உதிர வேண்டும். பச்சையாகக் கொழகொழவென்று நாறினால் தண்ணீர் நின்றிருக்கிறது, அல்லது சாணம் நீர்த்துப்போய் இருந்திருக்கிறது. அதைத் தெளிக்கக் கூடாது.

ஹெக்டேருக்கு 100 கிராம் போதும். முப்பது, முப்பத்தைந்து லிட்டர் மழைநீரை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, அதில் கரைத்து ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழற்றி நடுவில் ஆழமான சுழி விழுந்ததும், சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பிச் சுழற்ற வேண்டும். இப்படியே மாற்றி மாற்றி. துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். சாயங்காலம், மண் ஈரமாக இருக்கும்போது, பெரிய துளிகளாகத் தரையில் விழும்படி தெளிக்கிறோம். கலக்கியதை மூன்று நான்கு மணி நேரத்துக்குள் தெளித்து முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று 501. இதற்குச் சாணம் இல்லை, மாவாக அரைத்த குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல் தூள்தான் கொம்பில் போகும். வசந்தத்தில் புதைத்து இலையுதிர் காலத்தில் எடுப்பது. ஹெக்டேருக்கு வெறும் 4 கிராம், அதையும் அப்படியே ஒரு மணி நேரம் கலக்கி, விடியற்காலையில் இலைமேல் பனிபோலத் தெளிக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகோ, கொடி வறட்சியில் வாடும்போதோ தெளித்தால் இலை கருகும் என்று இங்கே எல்லோரும் எச்சரிக்கிறார்கள். சித்திரை வெயிலில் நம் ஊரில் இதைத் தொடவே வேண்டாம்.

இதனால் பலன் உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி. 100 கிராமில் தழைச்சத்து, மணிச்சத்து என்று கணக்குப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஜெர்மனியில் கைசன்ஹைம் ஆராய்ச்சி நிலையத்தில் 2006 முதல் ரீஸ்லிங் தோட்டத்தில் ரசாயன முறை, இயற்கை முறை, பயோடைனமிக் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரசாயனத்தைவிட மற்ற இரண்டிலும் கொடியின் வேகமும் விளைச்சலும் குறைந்தன. அந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் எண்ணமும் அதுதான், அண்ணே. இந்தத் தோட்டத்து மண் பொலபொலவென்று இருப்பது கொம்பால் இல்லை. மக்கு உரத்தாலும், மூடுபயிராலும், மருந்தை எண்ணி எண்ணி அடிப்பதாலும்தான். கொம்பு செய்யும் ஒரு நல்ல காரியம், தெளிக்கிற சாக்கில் மனிதரைத் தோட்டத்துக்குள் ஒவ்வொரு வரிசையாக நடக்க வைக்கிறது. நோய் முதல் இலையில் இருக்கும்போதே கண்ணில் படுகிறது.

மக்கு உரக் குவியலை இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குச் சாணமும் வைக்கோலுமாகப் போடுகிறார்கள். சாமந்தி இனத்துப் பூ, செந்தொட்டி, ஓக் மரப்பட்டை போன்ற ஆறு மூலிகைத் தயாரிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குவியலில் சேர்ப்பது இந்த முறையின் விதி. உள்ளே 55, 60 டிகிரி சூடு ஏற வேண்டும், 65-ஐத் தாண்டினால் பிரட்டிவிட வேண்டும். ஏழெட்டு மாதம் மக்கிய பிறகு ஹெக்டேருக்கு ஐந்து முதல் பத்து டன், அதுவும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான். அதிகம் போட்டால் கொடி தழைத்துப் புதராகி, காற்றோட்டம் இல்லாமல் நோய்தான் வரும். வரிசை விட்டு வரிசையில் கோதுமை இனத்து ரை, பயறு வகை, முள்ளங்கி கலந்து விதைத்து, பூக்கும்போது உருளை போட்டு மடக்கிவிடுகிறார்கள். ஜூலை வெயிலில் அந்தப் போர்வைக்கு அடியில் கை விட்டால் மண் குளுகுளுவென்று இருக்கிறது.

உண்மையான போராட்டம், இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூசணம் படர்கிற அடிச்சாம்பல் நோயோடுதான். தளிர் பத்து சென்டிமீட்டர் நீண்டு, வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் போய், பத்து மில்லிமீட்டர் மழை பெய்துவிட்டால் நோய் இறங்கிவிடும் என்பது இங்கே பழைய கணக்கு. இதற்கு நாங்கள் அடிக்கும் செம்பு மருந்து இலையின் மேற்பரப்பில் மட்டும் நிற்பது. உள்ளே போன நோயை அது ஒன்றும் செய்யாது. அடித்தபின் விரிந்த புது இலைக்குப் பாதுகாப்பு இல்லை. 20, 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே மழைக்கு முன் அடிக்க வேண்டும், மழை முடிந்தபின் அடிப்பது வீண். 2021-ல் மழை விடாமல் பெய்ததில் அல்சாஸ் முழுக்க இந்த நோய் வெறியாட்டம் ஆடியது. இயற்கை முறைக்காரர்களுக்குப் பலத்த அடி.

இத்தனைக்கும் செம்பை இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. ஐரோப்பிய விதி ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ. பயோடைனமிக் விளைச்சலுக்குத் தரும் டெமேட்டர் முத்திரை வேண்டுமென்றால் வருஷச் சராசரி 3 கிலோதான். செம்பு மக்காது, மண்ணிலேயே சேர்ந்து மண்புழுவைக் கொல்லும். இங்கே ஒரு தெளிப்புக்கு ஹெக்டேருக்கு 200 முதல் 300 கிராம் செம்புதான், கூடவே கந்தகமும் குதிரைவால் பூண்டுக் கஷாயமும். கந்தகம் 30 டிகிரிக்கு மேல் இலையைச் சுடும், குளிரில் வேலை செய்யாது.

நம் கணக்கைப் பாருங்கள். மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு. துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சத போர்டோ கலவையை ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 2 கிலோ துத்தம், அதாவது அரைக் கிலோ செம்பு. டெமேட்டர் அளவை ஏக்கருக்கு மாற்றினால் வருஷத்துக்கு 1.2 கிலோ. இரண்டு தெளிப்பிலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது! நாம் வெட்டுக்கு எத்தனை முறை அடிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

ஒயின் செய்யும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையால் அறுத்து, நசுங்காமல் சிறு பெட்டிகளில் கொண்டுவந்து, காம்போடு முழுக் குலையாகவே பிரஸ்ஸில் போட்டு ஆறேழு மணி நேரம் மெல்லப் பிழிகிறோம். சாறு ஒரு நாள் தெளிந்ததும் பழைய ஓக் பீப்பாய்க்குப் போகும். கடையில் விற்கும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. ஒரு வாரம் முன்பே கொஞ்சம் பழம் பறித்து நசுக்கி, நன்றாகப் பொங்க வைத்து, இட்லி மாவுக்குப் பழைய மாவு விடுவதுபோல அதை உறை ஊற்றுகிறோம். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதம் ஆல்கஹால் கணக்கு. தழைச்சத்துக் குறைந்த சாறு பாதியிலேயே நின்றுவிடும். அறுவடை நெருக்கத்தில் கந்தகம் அடித்திருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அதனால் ஒரு மாதத்துக்கும் மேல் முன்பே நிறுத்திவிட வேண்டும். பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை வாராவாரம் நிரப்பாவிட்டால் காடியாகத் திரும்பும். நிலவறையில் கரியமில வாயு தரையோடு தேங்கும். மெழுகுவத்தி அணைகிற அளவுக்கு வந்தால் ஆளுக்கும் அதற்குள் ஆபத்து. மீட்டர் கையில் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை.

இனி நம் தோட்டத்துக்கு வருகிறேன். அந்த ஆளிடம் கொம்பு உரம் வாங்க வேண்டாம். ஏக்கருக்கு 40 கிராம்தான் தேவை. ஆசையிருந்தால் வரும் புரட்டாசியில் பத்துக் கொம்பு தேடி நீங்களே புதையுங்கள், மாசியில் எடுக்கலாம். மழைத்தண்ணீர் தேங்காத மேட்டில் குழி வெட்டுங்கள். அதைவிட முக்கியம், கவாத்து முடிந்ததும் பந்தலுக்குக் கீழே வெயில் விழும் அந்தச் சில வாரத்தில் சணப்பை விதைத்துவிடுவது. இலை மூடிய பிறகு விதைத்தால் நிழலில் ஏறாது. மருந்து அடிக்கும் நாளை மழை பார்த்து மாற்றுங்கள், நோட்டில் தேதியும் துத்தத்தின் எடையும் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது செம்பு எவ்வளவு என்று தனியாகக் கேட்டு, சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். கிணற்றடிப் பாத்தியிலும் மேற்குக் கோடியிலும் தனித்தனியாக, மேல் அரை அடி மண்ணை மட்டும் எடுங்கள். செம்பு அங்கேதான் தங்கும்.

அம்மாவை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை