ஓர்க்குக்குப் பெயர் வைப்பது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோல்பிளே விளையாட்டுகளைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லும் இந்த விளையாட்டுக்குத் தமிழ் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் கிடைத்தது சின்ன விஷயமில்லை. ஆனால் அதில் ஒரு யோசனை என்னை உறுத்துகிறது. இந்தக் கற்பனைக் கதைகளில் நளினமானவர்களாக வரும் எல்ஃப் இனத்தவருக்கு நேரம் எடுத்துப் பெயர் யோசிக்க வேண்டுமாம். முரட்டு உடம்போடு வரும் ஓர்க் இனத்தவருக்குக் கரடுமுரடாக நாலு எழுத்தைச் சேர்த்தால் போதுமாம்.

ஒன்பது வருடமாக ஒரு குழுவுக்குக் கதையை நடத்துகிற கேம் மாஸ்டராக இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். க்ராக், க்ரக், க்ரூக். ஒரே குகையில் மூன்று பேர். யார் யாரை அடித்தார்கள் என்று எனக்கே மறந்துபோகும்.

அதை மாற்றியது ஒரு காவலாளி. கோட்டை வாசலில் ஒரு ஓர்க் நிற்கிறாள். என் குறிப்பில் ‘காவலாளி 2’ என்று மட்டும் இருந்தது. எல்லோரும் சண்டைக்குப் பகடையைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும், “இருங்க. உன் பேர் என்ன?” என்று அந்தக் காவலாளியிடம் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “ஊர்ஷா. எங்க பாட்டி பேரு.” மேசையில் சத்தமே இல்லை. ஒவ்வொருவராகப் பகடையைக் கீழே வைத்தார்கள். அரை மணி நேரம் அவளோடு பேசினார்கள், பாட்டியைப் பற்றிக்கூட விசாரித்தார்கள். சண்டையே இல்லாமல் கதவு திறந்தது. காவலாளி 2 என்பதாகவே நின்றிருந்தால் மூன்றாவது சுற்றில் செத்திருப்பாள்.

வல்லோசையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒலிக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு கூரான வடிவம், ஒரு மொழுமொழு வடிவம். பொருளே இல்லாத இரண்டு சொல்லைச் சொல்லி, இதில் எது கிகி, எது பூபா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் கூரானதைத்தான் கிகி என்கிறார்கள் என்று 2001இல் மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் எழுதினார்கள். நம் இலக்கணம் க, ச, ட, த, ப, ற ஆறுக்கும் வல்லினம் என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்த எழுத்துகள் மிகுந்த பெயரைக் கேட்டதும் முறுக்கேறிய ஒரு உடம்பு கண்ணில் வருவது இயல்பு. ஆனால் ஒலி அந்த உடம்பு வரைக்கும்தான் கொண்டுபோகும். உள்ளே இருக்கும் ஆளைத் தெரிந்துகொள்ள, அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்க வேண்டும்.

1994இல் தொடங்கிய வார்கிராஃப்ட் கணினி விளையாட்டுகளில் வரும் த்ரால் என்ற ஓர்க் எனக்குப் பிடித்த உதாரணம். த்ரால் என்றால் ஆங்கிலத்தில் அடிமை. அவனை எடுத்து வளர்த்த மனிதப் பிரபு வைத்த பெயர் அது. பெற்றோர் நினைத்திருந்த பெயர் கோயெல். இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் அவன் வாழ்க்கை முழுவதும் கிடக்கிறது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதையிலும் கீழ்நிலை ஓர்க்குகளை ஸ்னாகா என்பார்கள். அதற்கும் அடிமை என்றுதான் பொருள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி விளையாட்டுகளில் வேறு வழி: ஆணுக்கு ‘க்ரோ’, பெண்ணுக்கு ‘க்ரா’ என்று நடுவில் வைத்து வம்சத்தைச் சொல்வார்கள். கோர்ட்வாக் க்ரோ-நகோர்ம் என்று ஒரு அரசன் உண்டு. அந்தச் சின்னச் சொல் வந்ததுமே அவனுக்கு முன்னால் ஒரு தலைமுறை இருந்தது என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. மேசையில் ஆடும் ரோல்பிளே விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிநூலில், பாதி மனிதர் பாதி ஓர்க்காக வருபவர்களுக்கான பெயர்ப் பட்டியலில் தொக், க்ரஸ்க் ஆகியவற்றோடு, பெண் பெயர்களில் ‘சுதா’ என்றே படிக்கக்கூடிய ஒரு பெயரும் இருக்கிறது. எங்கள் குழுவில் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி அதையே தன் பாத்திரத்துக்கு எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. 2024 விதிநூலில், ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கக்கூடிய மனிதர், எல்ஃப் வரிசையில் ஓர்க்கையே நேரடியாகச் சேர்த்துவிட்டார்கள். இனி ஓர்க் என்றால் எதிரில் வந்து விழுபவன் மட்டும் என்று நினைக்க முடியாது. நாமே மாதக்கணக்கில் அந்தப் பெயரோடு வாழப்போகிறோம்.

தமிழில் பேசி ஆடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் மிக உதவுவது வேற்றுமை உருபு. பெயரோடு ஐ, கு, ஓடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஊர்ஷாவை, ஊர்ஷாவுக்கு, ஊர்ஷாவோடு: வழுக்கிக்கொண்டு வருகிறது. க்ர்ஷ்ட் என்று வைத்தால் ‘க்ர்ஷ்டுக்கு மருந்து கொடு’ என்று சொல்வதற்குள் சண்டை முடிந்துவிடும். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. அதனால் க்ரஸ்க் மேசைக்கு வந்ததும் தானாகவே குருஸ்கு ஆகிவிடும். ஆகட்டும், அதையே அவன் பெயராக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டும் பாருங்கள். போர்க்களத்தில் நண்பனைக் கூப்பிடுவது போல.

ஒரு குலத்துக்கு நாலைந்து ஒலிகளை ஒதுக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஊர்ஷாவின் குலத்தில் எல்லாப் பெயரிலும் ‘ஷ’ வரும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் குலத்தினருக்கு அந்த ஒலியே வாயில் வராது, அவளை ஊர்தா என்பார்கள். பகை வந்தபோது யார் எந்தக் குலம் என்று கண்டுபிடிக்க அந்த ஓர் எழுத்தே போதுமானதாக இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. காட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நிஜ மனிதர்கள் பேசும் ஏதாவது ஒரு மொழியைப் போலி செய்து பெயர் வைப்பதை என் மேசையில் விடமாட்டேன். நம் காதுக்கு முரடாகக் கேட்கும் அந்த மொழியில் யாரோ குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு பக்கம் தொடராக வரும் என்று போட்டிருந்தீர்கள். ஓர்க்குகளைப் பற்றித் தனியாக ஒரு வாரம் ஒதுக்கினால், முதல் தடவை ஆடவருகிற பிள்ளைகளுக்கு உதவும்.

ஊர்ஷா இன்னும் எங்கள் ஆட்டத்தில் இருக்கிறாள். போன மாதம் கதையில் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். குழுவில் ஆடும் ஐந்து பேரும் ஆளுக்கொரு பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வாரமாகியும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி