ரிங்லெட் பெரியவர்களுக்கு: நின்று வந்த பிள்ளையைத் திட்டாதீர்கள்

கேமரன் மலை ரிங்லெட்டிலும் சுற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கும் பெற்றோர்களுக்கும், ஆலயப் பொறுப்பாளர்களுக்கும், இளைஞர் மன்றத்துத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பெண் ஒருத்தி மலை ஓட்டப் பந்தயத்தில் பாதி வழியில் நின்று திரும்பி வந்தாள். அதிலிருந்து, மலை ஓட்டத்துக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இனிமேல் பண உதவி செய்வதா வேண்டாமா என்று ஊரில் பேச்சு நடக்கிறது. "பாதியில நின்னுட்டு வர்றதுக்கா காசு கொடுத்தோம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூட இருந்தவர்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அந்தப் பிள்ளை நின்ற இடத்தில், முதலுதவி மேசைக்குப் பொறுப்பாக நான் இருந்தேன். தோட்டக் கிளினிக்கில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அன்று என்ன நடந்தது என்று சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

50 கிலோமீட்டர் பந்தயம். பாதிக்கு மேல் கடந்துதான் எங்களிடம் வந்தாள். மதியத்திலிருந்து மழை. காட்டுப் பாதை முழுக்கச் சேறு, ஏறும் இடமெல்லாம் வேரைப் பிடித்து ஏற வேண்டிய நிலை. மேசைக்கு வந்தவள் சட்டையின் ஜிப்பை மேலே இழுக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. பெயரைக் கேட்டேன், பதில் வர நேரமானது. கால் இன்னும் ஓடத் தயாராகத்தான் இருந்தது. அடுத்த ஏற்றத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "அங்கிள், இதுக்கு மேல போனா என்னால இறங்கி வர முடியாது" என்றாள். அழவில்லை. போர்வைக்குள் உட்கார்ந்த பிறகுதான் நடுங்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் அவள் எடுத்த முடிவு எவ்வளவு கடினமானது என்பது பலருக்குத் தெரியவில்லை. நம் மலையில் இரவில் 15 பாகை செல்சியஸ் அளவுக்குத்தான் குளிர் இறங்கும், அதில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் அந்தக் குளிரே ஆளைச் சாய்த்துவிடும். ஓடும்வரை உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். களைத்துப்போய் வேகம் குறைந்ததும் சூடு மளமளவென்று இறங்கும். முதலில் விரல் போகும், பிறகு பேச்சு குழறும், அதற்குப் பிறகு புத்தி மந்தமாகும். புத்தி மந்தமான பின் நிற்க வேண்டும் என்ற எண்ணமே வராது. அவள் அதற்கு முந்திய படியில் நின்றாள்.

சீனாவின் கான்சு மாநிலத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் மலைப் பந்தயத்தை நினைவுபடுத்துகிறேன். 172 பேர் கிளம்பினார்கள். வண்டி ஏற முடியாத ஓர் உயரமான ஏற்றத்தில் உறைபனி மழையும் ஆலங்கட்டியும் பலத்த காற்றும் வந்து தாக்கின. 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் லியாங் ஜிங் நாடே அறிந்த நெடுந்தூர ஓட்டக்காரர். மழைக்காற்றைத் தாங்கும் மேலங்கி அந்தப் பந்தயத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. ஜூ கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர் ஆறு பேரைத் தன் குகைக்குள் கொண்டுபோய்த் தீ மூட்டிக் காப்பாற்றினார். இறந்தவர்களுக்கு மன உறுதி குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்றைக்கு உலகமே வியக்கும் அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரி கோர்ட்னி டாவால்டர் 2012-இல் தன் முதல் 100 மைல் பந்தயத்தில் 60 மைலுக்கு மேல் போக முடியாமல் விலகியவர். 2023-இல் ஒரே கோடையில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றும் யூ.டி.எம்.பி. என்று மூன்று பெரிய பந்தயங்களிலும் பெண்களில் முதலாவதாக வந்தார். யூ.டி.எம்.பி. சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். அங்கேயும் கிளம்பியவர்களில் ஒரு பெரும் பங்கு ஒவ்வோர் ஆண்டும் வழியில் நின்றுவிடுகிறது. முதல் முறை நின்றதற்காக அந்தப் பெண்ணின் ஓட்டத்தை வீட்டில் யாராவது தடுத்திருந்தால்?

என்னை உறுத்துவது இன்னொன்றும் உண்டு. "நம்ம பாட்டிங்க காய்ச்சலோட மலை ஏறி கொழுந்து பறிச்சாங்க, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்ல" என்று அந்தப் பேச்சில் ஒரு குரல் எழுந்ததாம். காய்ச்சலோடு கொழுந்து பறித்தவர்களுக்கு மறுநாள் மாத்திரை கொடுத்தவன் நான். அவர்கள் ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியும். போகாவிட்டால் அன்றைய வேலைப் பதிவில் பேர் விழாது, சம்பளம் விழாது, கங்காணியின் ஏச்சு விழும். கூடையை இறக்கி வைக்கிற உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்கள் பட்டதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதையே அளவுகோலாக்கிப் பேத்தியின் முதுகில் வைக்காதீர்கள். அவள் தானாக விரும்பி ஏறினாள், தானாக முடிவெடுத்து நின்றாள். இரண்டும் பாட்டிக்குக் கிடைக்காதவை.

பத்துமலையின் 272 படியில் காவடி எடுத்தவர் மயங்கிச் சரிந்தால், அவருடைய விரதம் வீணாகிவிட்டது என்று நாம் சொல்வதில்லை. கூட வந்தவர்கள் தாங்கிப் பிடித்து, முக்காலியில் உட்கார வைத்து, காலைப் பிடித்து விடுகிறார்கள். ஓடுகிற பிள்ளைகளுக்கும் அப்படி நான்கு பேர் கூட நின்றால் போதும்.

மலையில் தாங்குவது என்பது பல்லைக் கடிப்பது மட்டும் இல்லை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அது எல்லோருக்கும் தெரியும். இறக்கம்தான் தொடையைக் கிழிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் நார்கள் அறுகின்றன, மறுநாள் படி இறங்க முடியாது. அந்த வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடச் சொல்லாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெறும் தண்ணீரை மட்டும் மூச்சுமுட்டக் குடிக்க வைப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். நம் பையன்களில் இருவர் கினபாலு ஏறி ஓட வேண்டும் என்று கனவு காண்கிறார்கள். அதன் உச்சி 4,095 மீட்டர், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். அங்கே தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் முதல் மருந்து கீழே இறங்குவது. இறங்கத் தெரியாத பிள்ளையை அந்த மலைக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி நான் கேட்பது. அந்தப் பெண்ணின் அப்பா "இனி ஓட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஊரார் பேச்சுக்குப் பயந்துதான் சொன்னார், மகள்மேல் கோபத்தில் இல்லை. ஆலயத்துத் தலைவரோ வேறு பெரியவரோ இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போய், அவள் சரியாகத்தான் செய்தாள் என்று அவர் முன்னால் சொல்ல வேண்டும். நானும் கூட வருகிறேன்.

உதவிப் பணத்தை நிறுத்தாதீர்கள், செலவழிக்கும் விதத்தை மாற்றுங்கள். கோப்பையும் பெயர் அச்சிட்ட சட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆளுக்கு ஒரு மழை மேலங்கி, நெற்றியில் கட்டும் விளக்கு இரண்டு, உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும் வெள்ளித்தாள் போர்வை, ஒரு விசில். யூ.டி.எம்.பி. ஓடுபவர்கள் மேலங்கி, விளக்கு, போர்வை, விசில் இல்லாமல் கிளம்பவே முடியாது. எல்லாவற்றையும் மன்றத்தின் பெயரில் வாங்கி வைத்தால், போகிறவர்கள் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கலாம். நின்று வந்தவருக்கும் முடித்து வந்தவருக்கும் அடுத்த பந்தயத்துக்கு ஒரே அளவு உதவி என்று தீர்மானத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் காசு போய்விடுமே என்ற பயத்தில் ஒரு பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்விடும்.

விடியற்காலையில் தேயிலைச் சரிவுப் பாதையில் பயிற்சி செய்ய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பெண் பிள்ளைகள் ஓடும் நாளில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் கூடப் போக வேண்டும். அனுமதிக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், பொறுப்பில் இருக்கும் நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளினிக் உதவியாளர், ரிங்லெட்