சோனின் இடது கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரிய புட்பால் வீரர் சோன் ஹியுங்-மின் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம், கிரிக்கெட் தவிர வேறு ஒன்றுக்கு அவ்வளவு இடம் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமில் பத்து வருஷம், 173 கோல், இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் என்று கணக்கோடு நிறுத்திவிட்டீர்கள். எங்கள் வியாசர்பாடியில் அந்தக் கணக்கெல்லாம் பசங்க போனிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தக் கால் எப்படித் தயாரானது என்று யாராவது எழுத மாட்டார்களா என்றுதான் தேடுகிறோம்.

2021-22 சீசனில் முகமது சாலாவோடு சேர்ந்து இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்குத் தருகிற தங்கக் காலணியை வாங்கினார் இல்லையா, மொத்தம் 23 கோல், அதில் பெனால்டி ஒன்றுகூடக் கிடையாது, ஏறக்குறைய பாதி இடது காலில் அடித்தது. இத்தனைக்கும் அவர் வலது கால்காரர். தடுக்க வருகிறவன் எந்தப் பக்கத்தை மறிப்பான் பாவம். இது பிறவியிலேயே வந்தது இல்லை. அப்பா சோன் உங்-ஜங்கும் ஆட்டக்காரர்தான், காயத்தால் இருபதுகளிலேயே ஆட்டத்தை விட்டவர். சுன்சியான் என்கிற ஊரில் மகனைத் தானே பழக்கினார். பந்தைக் கீழே விடாமல் தட்டு, நிறுத்து, திருப்பு, மறுபடி தட்டு, வருஷக்கணக்கில் இதேதான், மேட்ச் பேச்சே கிடையாது. ஒருநாள் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டதற்கு நாலு மணி நேரம் பந்து தட்ட வைத்தாராம். மூன்று மணி நேரம் போனதும் ஒரு பந்து மூன்றாகத் தெரிந்தது என்று சோனே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கண்டிப்புக்கு நான் கொடி பிடிக்கவில்லை. அந்த அப்பா நடத்தும் அகாடமியில் பிள்ளைகளை மோசமாக நடத்தியதாக 2024-ல் புகாரே வந்தது. அடி, திட்டு எல்லாம் அவரோடே இருக்கட்டும், அந்தப் பொறுமை மட்டும் நமக்குப் போதும்.

இங்கே கதை தலைகீழ். என் பையனுக்குப் பதினொரு வயசு. போன லீவில் ஆள் குறையுது என்று ஒரு டீமில் கூட்டிக்கொண்டு போனார்கள். செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம், மூணு நாளில் அஞ்சு மேட்ச். கடைசி மேட்ச் முடிந்து வந்தவனுக்கு ஷூவைக் கழற்ற முடியவில்லை, லேஸை வெட்டித்தான் எடுத்தேன், கணுக்கால் அப்படி வீங்கியிருந்தது. கூட்டிப்போனவரைக் கேட்டால், “அதான் கப்பு அடிச்சாச்சே அண்ணே, விடுங்க” என்கிறார். கப்பு பீரோ மேலே இருக்கிறது. பையனுக்கு இடது காலால் பத்தடி தூரத்துக்கு ஒரு பாஸ் ஒழுங்காகத் தர வராது. நானும்தான் கைதட்டிக்கொண்டு நின்றேன், தப்பு எனக்கும் உண்டு.

அப்புறம், வெளிநாடு போனால் வாழ்க்கை செட்டில் என்று இங்கே நிறைய அப்பாக்களுக்கு ஒரு நினைப்பு. சோன் பதினாறு வயசில் ஹாம்பர்க் போனபோது அவருக்கு ஜெர்மன் தெரியாது. மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு, 2010-ல் பதினெட்டு வயசில் கொலோனுக்கு எதிராக முதல் லீக் கோல். பிறகு அங்கேயே லெவர்குசன் கிளப், 2015-ல் லண்டன். இதற்கு நடுவே தலைக்கு மேல் ராணுவக் கத்தி வேறு. கொரியாவில் ஆண்பிள்ளைகள் ராணுவத்துக்குப் போயே ஆக வேண்டும், ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டுத் தங்கமோ வாங்கினால் விலக்கு. 2014-ல் லெவர்குசன் அவரை ஆசிய விளையாட்டுக்கு அனுப்பவில்லை, அந்த வருஷம் பார்த்து கொரியா தங்கம் வாங்கியது! 2018 ஆசிய விளையாட்டு பைனலில் ஜப்பானைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெயித்த பிறகுதான் மனுஷன் மூச்சு விட்டிருப்பார், அதற்குப் பிறகும் மூன்று வார ராணுவப் பயிற்சி பாக்கி இருந்தது. அதே 2018-க்கு நம் ஆண்கள் அணியை அனுப்பவே இல்லை, ஆசியாவில் முதல் எட்டு இடத்துக்குள் இல்லையாம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

லண்டனில் அவருக்கு முதல் கோப்பை வர 2025 மே ஆனது. ஸ்பெயினின் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு யூரோப்பா லீக் பைனல், கேப்டனே பாதிக்கு மேல்தான் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். நாங்கள் தெருவில் பத்து பேர் விடிய விடிய முழித்திருந்து பார்த்தோம்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். புளியந்தோப்பு, பெரம்பூர், வியாசர்பாடி மைதானங்களுக்கு ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நிருபரை அனுப்புங்கள். பைனல் நடக்கிற அன்று வேண்டாம், சும்மா பயிற்சி நடக்கிற நாளில். காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

என் பையன் இந்த வருஷம் எந்த டோர்னமெண்டுக்கும் போகவில்லை. முந்தாநாள் இடது காலால் அடித்த பந்து டீக்கடைத் தகரத்தில் போய் விழுந்தது, கடைக்காரர் கத்தினார். “இன்னொண்ணு அடிக்கட்டா நைனா?” என்று கேட்டான், அடி என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வியாசர்பாடி, சென்னை.