நூறில் முப்பத்தேழு போனால்

அன்புள்ள பரிமளா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவனுக்குத் திருச்சியிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆடிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ முறைத்துக்கொண்டிருப்பாய். முறைத்து முடித்துவிட்டு இதைப் படி. இந்த வாரம் வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பஸ் ஸ்டாண்டு இட்லிக்கடை அக்காவின் மகள் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, கழித்தல் கணக்கைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்வாள் என்று, அவளேதான். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன், கல்லாவில் அவள் நிற்கிறாள். ஒரு லாரி டிரைவர் முப்பத்தேழு ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அவள் விரல்கூட மடக்கவில்லை. மூன்று ரூபாய் சில்லறையை முதலில் வைத்து "நாப்பது" என்றாள். பத்து ரூபாய்த் தாள் ஒன்றை வைத்து "அம்பது", ஐம்பது ரூபாய்த் தாளை வைத்து "நூறு". அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் அதே கணக்கை நோட்டில் கொடுத்தேன். 100-க்குக் கீழே 37. விடை என்ன எழுதினாள் தெரியுமா? 137! பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தாள். அடுத்த இடத்திலும் அப்படியே மூன்று. மீதி ஒன்றை இறக்கிவிட்டாள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பில் படித்ததை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறாள். "நூறு ரூபாய் கொடுத்தவருக்கு நூத்தி முப்பத்தேழா திருப்பிக் கொடுப்பே?" என்று கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்து, "அது கடை டீச்சர், இது கணக்கு" என்றாள்.

அந்த ஒரு வரியில் ஆடிப்போய்விட்டேன். 2025-இல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கிறதா? கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் மனக்கணக்கில் சரியாகச் சில்லறை கொடுக்கிறார்கள், அதையே பள்ளிக்கூடக் கணக்காக எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள் என்று வந்ததே. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்கு நேர்மாறு. எங்கோ பெரிய நகரத்துக் கதை என்று நினைத்திருந்தேன். என் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

புதன்கிழமை, காலைப் பொங்கல் சாப்பிட்டுப் பிள்ளைகள் தெம்பாக இருந்த நேரம், இடமதிப்பு காட்டும் ஆணிமணிச் சட்டத்தை ஓரம் வைத்துவிட்டு வகுப்பிலேயே கடை போட்டேன். பழைய காலண்டர் அட்டையை வெட்டி நூறு, பத்து, ஒரு ரூபாய்த் தாள்கள். பொருள் விலை 37. கையில் ஒரே ஒரு நூறு. "முப்பத்தேழு எடுத்துக் கொடு" என்றால் எப்படிக் கொடுப்பாள்? "சில்லறை மாத்தணும் டீச்சர்" என்று அவளே நூறைப் பத்துப் பத்தாக மாற்றினாள். அதில் ஒரு பத்தைப் பத்து ஒற்றை ரூபாயாக மாற்றினாள். ஒன்பது பத்து, பத்து ஒன்று. அதைக் கரும்பலகையில் நூறுக்கு மேலே சின்னதாக எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்து, கழித்து, 63 என்று போட்டுவிட்டு, "ஐயோ, இது நம்ம கடைதான்!" என்று கத்தினாள் பரிமளா. நம் கணக்கு வாத்தியார் ராட்டினம் சார் இருந்திருந்தால் வகுப்பையே நிறுத்தி எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார்.

நோட்டில் நூற்றுக்கு நூறு வாங்கும் இரண்டு பையன்கள் அந்தக் கடையில் திணறினார்கள் என்பதையும் குறித்துக்கொள்.

சந்தோஷத்தோடு ஒரு பாரமும் இருக்கிறது. அந்தப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து தன் அம்மாவுக்குச் சட்னி அரைக்க உதவுகிறாள். பதினோரு மணிக்குக் கண் சொருகுகிறது. அம்மாவிடம் பேசினேன். "ஒத்தை ஆளா நான் என்ன டீச்சர் பண்ணுவேன்?" என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. காலை வேலையையாவது விட்டுவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஞாயிறு மறுபடி போவேன். எண்ணும் எழுத்தும் திட்ட மதிப்பீட்டில் அவள் இன்னும் அரும்பு நிலைதான், அதாவது முதல் படி. அந்தப் பதிவை மட்டும் பார்த்து, அடுத்து வரும் ஆசிரியர் 'இவளுக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதுதான் என் பயம்.

உன் ஊரில் வியாழன் சந்தைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களிடம் 100-இலிருந்து 37-ஐ வாயால் ஒரு முறை, நோட்டில் ஒரு முறை கேட்டுப் பார். என்ன எழுதுகிறார்களோ அழிக்காமல் அப்படியே படமெடுத்து அனுப்பு. காலாண்டு விடுமுறையில் வருகிறாய் அல்லவா? இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரு கட்டு ரூபாய்த் தாள் செய்துவிடலாம். கத்தரிக்கோல் நீ கொண்டு வா, என்னுடையதைச் சின்னவன் எங்கேயோ போட்டுவிட்டான்.

அன்புடன்,
மல்லிகா