போதிமரம் எந்த பிளாக்கில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் என்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் 'சிறைதான் அவருக்குப் போதிமரம் ஆனது' என்று ஒரு வரி. அந்த மரம் எந்த பிளாக்கில் இருந்தது என்று உங்கள் நிருபர் தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் பார்த்தது ஒரு வேப்பமரம். அதன் நிழலிலும் வார்டர் உட்கார விட்டதில்லை.

1998-இல் பாலக்கோட்டுப் பக்கம் கிணற்று மோட்டார்களின் காப்பர் வயரை அறுத்தவன் நான். (கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரி மாவட்டம்தான், அங்கேயும் கை வைத்திருக்கிறேன்.) ஏரிக்குள் வைத்து மேல்தோலைக் கொளுத்திவிட்டு எடைக்குப் போட்டால் அறுநூறு ரூபாய் தேறும். வாங்கிய பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. தெரிந்தே திருட்டுப் பொருள் வாங்குவதும் குற்றம், அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 411-ஆவது பிரிவு என்பது உங்களுக்குத் தெரியாததா? அவரையும் ஒரு பேட்டி எடுங்கள். போதிமரம் இல்லாமலே மூன்று மாடி கட்டிவிட்டார்.

உள்ளே இருந்தது ஏழு மாதம். கற்றது, வரிசையில் குந்தி எண்ணிக்கை கொடுப்பதும், சத்தமில்லாமல் வயர் அறுக்க இன்னும் இரண்டு வழியும். அம்மா ஒரே ஒரு தடவை மனு போட்டு என்னைப் பார்க்க வந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் சொன்னது எதுவும் இரைச்சலில் கேட்கவில்லை.

என்னை உலுக்கியது கோர்ட்டில். சாட்சி சொல்ல வந்த விவசாயி என்னைத் திட்டவே இல்லை. "வயர் போனா போவுதுங்க. பத்து நாள் தண்ணி பாயாம, காய்ப்புல இருந்த அரை ஏக்கர் தக்காளி வதங்கிப் போச்சுங்க" என்றார் நீதிபதியிடம். அதுவரை நான் திருடியது கம்பி என்றுதான் நினைத்திருந்தேன். இதை நிருபரிடம் இரண்டு தரம் சொன்னேன். போடவில்லை.

வெளியே வந்ததும் வேலை கொடுத்தவர், எரிந்துபோன மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை முதலாளி. முதல் நாளே காப்பர் சுருளை என்னிடம் நீட்டி, "எடை போட்டுக் குடுக்கறேன், எடை போட்டு வாங்கிக்குவேன்" என்றார். நம்புகிறேன் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஆறு மாதம் கழித்து, தராசை எடுப்பதை நிறுத்தினார், அவ்வளவுதான். அவருக்கும் உங்கள் அரைப் பக்கத்தில் இடமில்லை.

இன்றும் எங்காவது வயர் போனால் "சும்மா வந்துட்டுப் போப்பா" என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும் வந்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-லேயே ஒழிந்தது என்று கட்டுரை போடுகிறீர்களே, ஸ்டேஷனில் என் பெயர் உள்ள நோட்டு எப்போது ஒழியும் என்றும் ஒரு நாள் எழுதுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில், முதல் திருட்டு, 5,000 ரூபாய்க்குள், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை மட்டும்தானாம். நல்லது. வதங்கிப் போன தக்காளியை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அன்று என் கைதைப் படத்தோடு மறுநாளே போட்டீர்கள். திருந்தியதைப் போட இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. போகட்டும்.

கட்டுரைக்கு வேண்டுமென்று நிருபர் எங்கள் கல்யாண ஃபோட்டோவை வாங்கிப் போனார். அது ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் தினமும் கேட்கிறாள். தபாலில் வேண்டாம், மடங்கிவிடும். யாராவது கடையில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டுபவன், பாலக்கோடு.
(பெயர் வேண்டாம். ஏற்கெனவே இரண்டு தடவை போட்டாகிவிட்டது.)