இன்ஜினை இறக்கும் முன்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். உன் கடிதம் கிடைத்தது. டிராக்டர் மெதுவான ஓட்டத்தில் உதறுகிறது, ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கினால் இழுவை குறைந்து புகை தள்ளுகிறது, இன்ஜினை இறக்கிப் போர் வேலை (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து சரிசெய்வது) பார்க்க வேண்டும் என்று அங்குள்ள மெக்கானிக் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். போரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்த இன்ஜின் காலைக் குளிரில் எளிதில் பிடிக்காது. இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் புகை விட்டுவிட்டு வரும். உன் வண்டியோ காலையில் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது, ஆயிலும் குறையவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே, டீசல் போகும் வழியில்தான் முதலில் தேட வேண்டும்.

உன்னுடைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரில் இருப்பது பெர்கின்ஸ் வடிவமைப்பை ஒட்டிச் சென்னை சிம்சன் ஆலையில் செய்யப்பட்ட மூன்று சிலிண்டர் இன்ஜின். கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் 1, 2, 3 என்ற வரிசையில் மூன்று முறை எரிய வேண்டும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடுவதால், வண்டி முழுவதுமே நொண்டும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை நீயே கண்டுபிடிக்கலாம். கியரை நியூட்ரலில் போட்டு, பின்னால் கருவிகளைச் சுழற்றும் பிடிஓவை விடுவித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மெதுவான ஓட்டத்தில் விடு. டீசல் பம்பிலிருந்து வரும் இரும்புக் குழாய், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் சேரும் இடத்தில் இருக்கும் நட்டை, ஒரு நேரத்தில் ஒன்றாக, அரைச் சுற்று தளர்த்திப் பார். நன்றாக எரிகிற சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓசை உடனே இறங்கும். எதைத் தளர்த்தியும் ஓசையில் மாற்றம் இல்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள், துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொள், ஃபேன் பக்கம் நிற்காதே.

தளர்த்திய இடத்தில் கசியும் டீசலைக் கூர்ந்து பார். சோப்பு நுரைபோல் பொடிக் குமிழிகள் வந்தால், எங்கோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். டாங்கிலிருந்து, டீசலை ஏற்றும் கை பம்ப் வரை உள்ள பகுதியில் டீசல் உறிஞ்சப்படுவதால், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று மட்டும் உள்ளே நுழையும். வெளியில் ஈரம் தெரியவில்லை என்று நம்பிவிடக் கூடாது. ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்து ரப்பர் வளையம், குழாய் முனைகளின் வாஷர்கள் ஆகியவற்றை மாற்றிவிட்டு, முதலில் ஃபில்டரிலும், அடுத்து டீசல் பம்பிலும், கடைசியாக நாசில் நட்டுகளிலும் ஏர் எடுக்க (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும். மாப்பிள்ளைக்கு இந்த வேலையில் பொறுமை போதாது என்று சம்பந்தியம்மா சொல்வார். கை பம்பை நீயே அடி.

கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். பாதி டாங்கோடு வண்டியை இரவில் நிறுத்தினால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து டீசலில் இறங்கும். வேலை முடிந்த மாலையிலேயே டாங்கை நிரப்பிவிடுவது நல்லது. துணியில் வடிகட்டினால் தூசிதான் நிற்கும், தண்ணீர் நிற்காது.

குமிழியும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால், செத்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போட்டுப் பார். குறை நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசிலில் கோளாறு. பழைய சிலிண்டரிலேயே நின்றால் வால்வையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். அப்போதும் வால்வு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள டேப்பெட் இடைவெளியைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மி.மீ. இருக்க வேண்டும். நாசிலைக் கழற்றும்போது அதன் அடியில் இருக்கும் பழைய காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதையும் போட்டால் இரண்டு வாஷராகி நாசில் மேலே தூக்கிக்கொள்ளும், பிறகு புகை குறையவே குறையாது. டார்ச் அடித்துப் பார்த்து, வளைந்த கம்பியால் எடுத்துவிடு.

நாசிலை டெஸ்டரில் போட்டுப் பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால், டீசல் பனிபோலச் சிதறுகிறதா, முனையில் சொட்டு நிற்கிறதா என்று நீயும் உடனிருந்து பார். ஆனால் அதன் எதிரே விரலை நீட்டாதே; அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிப் புள்ளி அளவுதான் தெரியும் என்றாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

புகை கறுப்பா வெள்ளையா என்று நீ எழுதவில்லை. சுமையில் கறுப்பாக வந்தால் ஏர் கிளீனரையும் திறந்து பார். உங்கள் மணப்பாறைப் பக்கத்துப் புழுதி உழவில் அதன் எண்ணெய்த் தொட்டி விரைவிலேயே சேறாகிவிடும். காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும். உழவு நாட்களில் அதைத் தினமும் பார்த்தாக வேண்டும்.

நாசில் காப்பர் வாஷர்களையும் கண்ணாடிக் கிண்ணத்து ரப்பர் வளையத்தையும் இத்துடன் பார்சலில் வைத்திருக்கிறேன். எந்த நட்டைத் தளர்த்தியபோது ஓசை மாறவில்லை என்பதையும் புகையின் நிறத்தையும் எழுது. மெக்கானிக்குக் கொடுப்பதாகச் சொன்ன முன்பணத்தை அதுவரை கொடுக்காதே. ஆடிப் பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா