சிசரோ சந்தர்ப்பவாதியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழைய ரோம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சீசருக்கு மூன்று பக்கம், கிளியோபாட்ராவுக்கு இரண்டு பக்கம். ரோமின் பெரும் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவுக்கு ஒரே வரி: 'காற்றடித்த பக்கம் சாய்ந்த சந்தர்ப்பவாதி, அவருடைய கடிதங்களே சாட்சி.' இடப் பற்றாக்குறை பத்திரிகைக்காரர்களுக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சாட்சிக்கு அழைத்த கடிதங்களில் ஒன்றையாவது கட்டுரையாளர் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அவற்றில் 400-க்கு மேல் நண்பர் அட்டிகஸ் சம்பந்தப்பட்டவை. அட்டிகஸ் எழுதிய பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஆகவே அவர் பேர் கெடவில்லை. சீசர் தன் போர்களைப் பற்றித் தானே எழுதியதை நம்பி அவருக்குப் புகழாரம் சூட்டுகிறீர்கள். தூக்கம் வராத மனிதன் நண்பனிடம் கொட்டியதை எடுத்து வைத்து இவருக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். இது என்ன நியாயம் ஐயா?

நான் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அதிகாரி ஒருவர், மேலிடத்தில் நெருக்கியும் ஒரு நிலப் பட்டாவில் கையெழுத்துப் போட மறுத்தார். அதே வாரம் அவர் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். 'போட்டுத் தொலைத்துவிடலாமா, பிள்ளைகள் படிப்பு வேறு இருக்கிறதே' என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பல். கையெழுத்தை மட்டும் கடைசிவரை போடவில்லை, இடமாற்றம்தான் வந்தது. கடிதத்தை மட்டும் படித்தவர்கள் அவரைக் கோழை என்பார்கள். நான் கோப்பையும் பார்த்தவன்.

கி.மு. 49-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, 'யாரிடமிருந்து ஓட வேண்டும் என்று தெரிகிறது, யார் பின்னால் போவது என்றுதான் தெரியவில்லை' என்று சிசரோ அட்டிகஸுக்கு எழுதினார். கட்டுரையாளர் கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டாமா? மார்ச் மாதம் சீசரே ஃபோர்மியாவுக்கு வந்து, ரோமுக்கு வந்து செனட்டில் உட்காருங்கள் என்று கேட்டார். சீசரை எதிர்த்து நின்ற தளபதி பாம்ப்பி அதற்குள் இத்தாலியை விட்டே கப்பலேறியிருந்தார். ஜெயிக்கிற பக்கம் எது என்று குழந்தைக்கும் தெரியும். வந்தால் மனதில் பட்டதைப் பேசுவேன் என்றார் சிசரோ. அது கூடாது என்றார் சீசர். சிசரோ போகவில்லை. ஜூனில் கடல் கடந்து பாம்ப்பியிடம் போய்ச் சேர்ந்தார். பிழைக்கத் தெரிந்தவன் செய்கிற காரியமா இது?

அதற்கு முன்பு, கி.மு. 51-ல், இன்றைய துருக்கியின் தென்கரையில் உள்ள சிலிசியாவுக்கு ஆளுநராகப் போனார். சைப்ரஸும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே சலாமிஸ் நகரத்தார் வாங்கிய கடனுக்கு வட்டி 48 சதவீதம். வசூலுக்கு வந்த ஸ்காப்டியஸ், முந்தைய ஆளுநர் கொடுத்த குதிரைப் படையை வைத்து நகரசபையைச் சுற்றி வளைத்தான். உள்ளே ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் செத்தார்கள். பணம் யாருடையது? உங்கள் கட்டுரை 'கொள்கைக் குன்று' என்று கொண்டாடுகிற புரூட்டஸுடையது! சிசரோ அந்தக் குதிரைப் படையைத் தீவை விட்டு வெளியேற்றி, வட்டி 12 சதவீதம்தான் என்றார். ஸ்காப்டியஸுக்கு ஐம்பது குதிரைவீரர்களையாவது கொடுங்கள் என்று சிபாரிசுக்கு வந்தவர் சாட்சாத் அட்டிகஸ். உன் வாயால் இதைக் கேட்க எப்படித் துணிந்தாய் என்று உயிர் நண்பருக்கே திருப்பி எழுதினார். அந்த வழக்கை முடிக்காமல் அடுத்து வருபவர் தலையில் விட்டுவிட்டுப் போனார் என்பதும் உண்மைதான். அதையும் அவர் கடிதத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். வழிநெடுக மக்களிடம் வைக்கோல், விறகுகூட வாங்கவில்லை; நாலு கட்டிலும் ஒரு கூரையும் போதும் என்றிருந்தார். முகாம் வந்த அதிகாரிகளுக்காக நாட்டுக்கோழி தேடி அலைந்த கிராம உதவியாளர்களைப் பார்த்த எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கி.மு. 63-ல் ரோமின் தலைமைப் பதவியான கான்சலாக இருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்கக் கேட்டிலைன் என்பவர் தீட்டிய சதியில் பிடிபட்ட ஐந்து பேரை விசாரணையில்லாமல் கொன்றார். அந்த ஆண்டுப் பெருமையைக் கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள் என்று லூக்கேயஸ் என்ற வரலாற்றாசிரியரிடம் வெட்கமில்லாமல் கேட்டார். இதையெல்லாம் எழுதுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். 1345-ல் வெரோனாவில் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கும் மனம் வெதும்பி, செத்துப்போன சிசரோவுக்கே பொரிந்து தள்ளி ஒரு கடிதம் எழுதினார். ஆனால் அவர் படித்துவிட்டுத் திட்டினார்.

தங்கள் பத்திரிகைக்கு இது புதிதுமல்ல. முன்பு ஒருமுறை துணுக்குப் பக்கத்தில், 'கருவூலம் நிரம்ப வேண்டும், அரசின் கடன் குறைய வேண்டும்' என்று சிசரோ சொன்னதாகப் போட்டீர்கள். அது 1965-ல் வந்த ஓர் அமெரிக்க நாவலிலிருந்து கிளம்பியது என்று எழுதினேன். என் கடிதத்தை மூன்று வரியாக வெட்டி, நாவல் விஷயத்தை நீக்கி, 'துணுக்குகள் அருமை' என்பதை மட்டும் அச்சிட்டீர்கள். நன்றி. ஆண்டுச் சந்தா ஏறுகிறது, வரலாற்றுப் பக்கங்கள் இளைக்கின்றன, ராசிபலன் மட்டும் அங்குலம் குறையவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒரே ஒரு வேண்டுகோள். அதில் 'சிசரோ' என்று போட்டிருக்கும் படத்தில், மார்புக் கவசத்தோடு வலது கையைத் தூக்கி நிற்பவர் சிசரோ அல்ல. காலடியில் டால்பின் மேல் ஒரு குழந்தை இருக்கிறதே, அது வத்திக்கானில் இருக்கும், ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் சிலை. கி.மு. 43-ல் சிசரோவின் பெயரைக் கொலைப் பட்டியலில் சேர்க்கச் சம்மதித்த மூவரில் ஒருவர் அவர். அடுத்த இதழில், எங்காவது ஓரத்தில் சின்ன எழுத்திலாவது, ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தஞ்சாவூர்